அரை கொண்டா

தள்ளுவண்டிக்காரர் தராசுத் தட்டிலிருந்த வெங்காயத்தை என் துணிப்பையில் கவிழ்த்தார். நான் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"ருக்கோ சாப்" என்று நிறுத்தினார். மறுபடி தட்டை நிரப்பினார், மறுபடி கவிழ்த்தார். அப்புறம் சின்ன எடைக்கல்லை வைத்து இன்னும் கொஞ்சம் போட்டார். பையின் காது என் விரலை அறுத்தது.

ஐதராபாத்தின் தார்நாகாவில் ஒரு மழைச் சாயங்காலம். கடற்படையை விட்டு வெளியே வந்து, இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். வழக்கமாக வாங்கும் தெலுங்குக்கார அம்மா அன்று வரவில்லை. இவர் உருது பேசுகிறவர். அதனால் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டிருந்தேன்.

"இவ்வளவு எதற்கு? நான் அரை கிலோதானே கேட்டேன்?"

"ஹவ் சாப். அராய் கிலோ. ஆப்பிச் போலே நா!" ஆமாம் ஐயா, நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார்.

நான் ஒரு விரலைப் பாதியாக மடக்கிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"வோ ஆதா ஹை சாப். அராய் போலே தோ..." இரண்டு விரல்களை நிமிர்த்தி, மூன்றாவதைப் பாதி மடக்கினார்.

இரண்டரை.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். ரகரமும் டகரமும் ஒன்றாய்ப் புரளும் ஓர் ஒலி. என் காதில் அது அச்சு அசலாக 'அரை' என்றே விழுந்தது. அப்படியானால் என் 'அரை' அவர் காதில் இரண்டரையாக விழுந்திருக்கிறது. அவர் காதில் மட்டும்தானா?

மழை வலுத்தது. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். "கைக்கு பரேஷான் ஹோரே சாப்?" ஏன் கலங்குகிறீர்கள், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று பைக்குக் கையை நீட்டினார்.

"நக்கோ, நக்கோ" என்று மறுத்துவிட்டு, பையோடு நடந்தேன். என் கலக்கம் வெங்காயத்தால் வந்ததில்லை. பல வருஷம் முன்பு, வேறோர் ஊரில், ஹாரூன் என்ற ஒருவனுக்கு இதே சொல்லைச் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பி அவன் ஒரு கப்பலுக்கு அடியில் வெடி வைக்கப் போனான்.

கற்கண்டு அடைப்பான்

கொச்சியில் முக்குளிப்பவர்களின் பிரிவில் நான் சேர்ந்த கதையை இந்த வாரக் கட்டுரைகளில் முன்பே எழுதியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்ணீருக்குள் இறங்கும் தைரியமும் கிடையாது. இறங்குகிறவர்களின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதுதான் என் வேலை.

கிழக்கு வங்காளம் தனி நாடாவதற்கு முந்தைய கோடையில் எங்களில் சிலரை ரயிலேற்றினார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. இறங்கின பிறகுதான் தெரிந்தது, பிளாசி. எட்டாம் வகுப்பில் நின்றவனுக்கும் தெரிந்த ஊர். பாடப் புத்தகத்தில் அங்கே நவாப் தோற்பார். நாங்கள் போனபோது மாந்தோப்பும், பாகீரதி ஆறும், வரிசையாகக் கூடாரங்களும் இருந்தன.

எல்லையைத் தாண்டி வந்த வங்காளிப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். கல்லூரி மாணவர்கள், படகோட்டிகள், விவசாயிகள். எல்லோருக்கும் நீச்சல் பிறவியிலேயே வந்திருந்தது. வயிற்றில் செங்கற்களைத் துண்டால் கட்டிக்கொண்டு ஆற்றில் மணிக்கணக்காக நீந்துவார்கள். செங்கல் இருக்கும் இடத்தில் பிற்பாடு வெடி இருக்கும். தங்கள் ஊர்த் துறைமுகங்களில் எதிரிக்குச் சாமான் கொண்டுவரும் கப்பல்களுக்கு அடியில் அதைக் காந்தத்தால் ஒட்ட வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நீந்தித் திரும்ப வேண்டும். செத்தால் யாரும் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இதெல்லாம் அன்று வெளியே மூச்சுவிடக் கூடாத சங்கதி. இன்று புத்தகங்களில் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஆனாலும் எழுதும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன், பழக்கம்.

வெடியின் வாயில் ஓர் அடைப்பான் உண்டு. கற்கண்டு மாதிரி தண்ணீரில் கரையும். கரைந்து முடிந்ததும் உள்ளே இருக்கும் ஊசி விடுபட்டு அடிக்கும், வெடிக்கும். கரைய ஆகும் நேரம் ஏறக்குறைய அரை மணி. அந்த அரை மணிக்குள் நீந்தியவன் தப்பித்தாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். கப்பலை எட்டவே அதற்கு மேல் நேரம் ஆகும். போகிற வழியிலேயே அடைப்பான் கரைந்துவிட்டால் வெடி அவன் வயிற்றிலேயே வெடிக்கும். அதற்கு யாரோ ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள், குடும்பக் கட்டுப்பாட்டு உறை. அடைப்பானின் மேல் அதை மாட்டிவிட்டால் தண்ணீர் படாது. கப்பலுக்கு அடியில் போனதும் உருவி எறிந்துவிட வேண்டும். கூடாரம் நிறைய வாலிபப் பிள்ளைகள் இருக்கிற முகாமிலிருந்து உறைகளைப் பெட்டி பெட்டியாகக் கேட்டு எழுதினால் மேலிடத்தில் என்ன நினைத்திருப்பார்கள்! எங்கள் பிரிவுத் தலைவர் குரியன் சீஃப் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

உறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்ப்பது என் வேலை. வாய் முழுக்க ரப்பர்ப் பொடியின் கசப்பு. அடைப்பான்களில் ஒன்றிரண்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு, கரையும் நேரத்தை நோட்டில் எழுதுவதும் என் வேலைதான்.

"என்னைப் போய் ஏன் சீஃப் இதுக்குப் போட்டீங்க? எனக்குக் கை நடுங்குது" என்று கேட்டேன்.

"எடா, அதுக்குத்தான் நின்னை எடுத்தது" என்றார் குரியன் சீஃப். "நீ வல்லிய பேடிக்காரன். கதவைச் சாத்திட்டு மூணு தடவை தள்ளிப் பார்க்கிற ஆளு. எனிக்கு அங்ஙனே ஒருத்தன் வேணும்."

அன்று கேட்ட இத்தாலிக் கதை

டீ வேளையில் சீஃப் பழைய கதைகள் சொல்வார். முந்தைய உலகப் போரில் இத்தாலிக்காரர்கள் எகிப்துத் துறைமுகம் ஒன்றில் புகுந்து, பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு அடியில் வெடி வைத்தார்கள். வைத்தவர்கள் இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள். வெடியை எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கோபத்தில் அவர்களை அதே கப்பலின் அடித்தட்டில் அடைத்துவிட்டார் கேப்டன். வெடி அவர்களின் காலுக்குக் கீழேயே இருந்தது. உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சில நிமிஷங்களில்தான் ஒருவர் கேப்டனைக் கூப்பிட்டு, உன் ஆட்களை மேல்தட்டுக்கு அனுப்பிவிடு என்றாராம். கப்பல் போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள்.

கேட்டவர்களெல்லாம் அவர்களின் துணிச்சலைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அவர்களுக்கு நேரம் சரியாகத் தெரிந்திருக்கிறது. யாரோ ஒருவன் அவர்களிடம் சரியாகச் சொல்லியிருக்கிறான். இந்தக் கதைகளில் நீந்துகிறவர்கள் வருவார்கள், கப்பல்கள் வரும். வாளிக்குப் பக்கத்தில் நோட்டோடு குந்தியிருந்தவன் எந்தக் கதையிலும் வந்ததில்லை.

காய்ச்சலோடு வந்தவன்

ஹாரூனுக்கு என் வயசுதான் இருக்கும். பாரிசால் என்ற ஊர். அடைப்பானைப் பற்றி வகுப்பு எடுத்த அன்று அவன் காய்ச்சலில் கிடந்தான். மறுநாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் வாளிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். தண்ணீரைக் காட்டி, "கொதோக்கொன்?" என்றான். எவ்வளவு நேரம்?

எனக்கு வங்காளி தெரியாது. ஹிந்தியும் அப்போது அவ்வளவாக ஓடாது. ஒரே ஒரு சொல் பிடிபட்டிருந்தது, கொண்டா. மணி நேரத்துக்கு அவர்கள் சொல்வது அது. கொண்டா என்றால் நமக்கு 'எடுத்து வா' அல்லவா, அந்த வேடிக்கையில் மனசில் நின்றுவிட்டது.

பாதி என்பதற்கு என்ன சொல்வது? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. விசாகப்பட்டினத்தில் பயிற்சியில் இருந்தபோது தெலுங்குக்காரர்கள் அர என்றார்கள். கொச்சியில் மலையாளிகளும் அர என்றார்கள். எங்கள் தூத்துக்குடியிலும் அதுதான். எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் சொல் என்று நினைத்திருந்தேன்.

வேற்று மொழிக்காரர்களிடம் பேசும்போது நான் நிறுத்தி நிதானமாக உச்சரிப்பேன். பேச்சுவழக்கில் 'அர' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவன் முழித்திருப்பான். கூடுதல் கவனமாக, புத்தகத்தில் இருக்கிற மாதிரி, "அரை கொண்டா" என்றேன்.

"ஆராய் கொண்டா?" என்று திருப்பிக் கேட்டான். அவன் புருவம் உயர்ந்தது எனக்கு இன்றும் தெரிகிறது. இவ்வளவு கொஞ்ச நேரமா என்று ஆச்சரியப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆமா. அரை, அரை" என்று தலையை ஆட்டினேன்.

அவன் என் தோளைத் தட்டினான். "பாலோ, மத்ராஜி, பாலோ." நல்லது, மதராஸி என்றான். எழுந்து போய்விட்டான்.

ஆடியில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்தால் தயாராக வேண்டும், இன்னொரு பாட்டு வந்தால் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அந்தப் பாட்டுகளைக் கேட்கவில்லை. மஞ்சள்காமாலை கண்டு, என்னைக் கொச்சிக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்கு துறைமுகங்களில் ஒரே ராத்திரியில் கப்பல்கள் வெடித்தன என்ற செய்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன். அன்றைக்கு எனக்கு ஹாரூனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கவலை வெங்காயத்தோடுதான் வந்தது.

இரண்டரை கிலோ

"எதுக்குங்க இவ்ளோ வெங்காயம்? ரெண்டே பேரு, என்ன செய்ய?" என்றாள் ரெஜினா. என் மனைவி. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாசம்.

"தப்பா கேட்டுட்டேன்."

"தப்பா கேட்டா அவன் தந்துருவானா? நீங்களும் வாங்கிட்டு வந்துருவியளோ?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் வெங்காயக் குழம்பு, வெங்காயத் துவையல், வெங்காய ஊத்தப்பம். நான் ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவுவேன். வெங்காயம் எனக்கு ஆகவில்லை என்று அவளாக முடிவு பண்ணிக்கொண்டாள். கடைசி வரைக்கும் என் தட்டுக்கு வெங்காயத்தைக் குறைத்தே போட்டாள். உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சேர்ந்து அந்த நேரத்தை எண்ண ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம்.

எண்ணிக்கை இதுதான். ஹாரூன் கப்பலுக்கு அடியில் உறையை உருவுகிறான். இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நினைக்கிறான். அவசரமில்லாமல் திரும்புகிறான். வழியில் மூச்சு வாங்க ஒதுங்குகிறான். பத்து நிமிஷம். இருபது. முப்பது.

சீஃப் கட்டாயம் எல்லோருக்கும் இன்னொரு தரம் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொள்வேன். உடனே இன்னொரு மனசு கேட்கும், அன்றைக்கும் அவனுக்குக் காய்ச்சல் இருந்திருந்தால்?

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலில், பாவசங்கீர்த்தனத்தில். இரகசியத்தையும் மீறக் கூடாது, பாவத்தையும் சொல்ல வேண்டும். "சாமி, ஒருத்தர் நேரம் கேட்டாரு. நான் தப்பான நேரத்தச் சொல்லிட்டேன்" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து "வேலை செய்யிற இடத்துலயா?" என்றார் சாமியார்.

"ஆமா சாமி."

"இனிமே நேரத்துக்கு வேலைக்குப் போங்க. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்க."

சொன்னேன். அதிகமாகவே சொன்னேன்.

ஏன் விசாரிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாடு வேறு நாடாகிவிட்டது, சீஃப் இறந்துவிட்டார், யாரைக் கேட்பது என்று ரொம்ப நாள் எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளது அதுவல்ல. கேட்காத வரைக்கும் ஹாரூன் பாதி உயிரோடாவது இருந்தான்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு குரல்

ரெஜினா போய் ஆறு வருஷமாகிறது. ஹப்சிகுடா வீட்டில் நான் ஒரு ஆள். மகன் பிரதீப் கச்சிபௌலியில் இருக்கிறான். ஊர் ஒன்றுதான், நடுவில் மொத்த ஐதராபாத்தும் கிடக்கிறது. அங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டான், போனேன். பதினெட்டாவது மாடி. லிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தே பத்து நாள் தூங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். பேத்திக்கு நான் பேசுவது புரியும், தெலுங்கில் பதில் சொல்வாள். "தாத்தா, நுவ்வு பய்யப்படகு" என்று தட்டிக்கொடுப்பாள். பயப்படாதே என்கிறாள். ஆறு வயசுக்கு என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து, சோதனைக்குப் போயிருந்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"ஆராய் கொண்டா லாக்பே, ஆப்பா."

திரும்பினேன். கண்ணில் பஞ்சு ஒட்டிய ஒரு பெரியவர், பக்கத்தில் நாற்பது வயசுக்குள் ஒரு பெண். டாக்டர் வர இரண்டரை மணி நேரமாகும் என்று தகப்பனாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஹிந்தி நன்றாக வந்தது, டிவி தொடர் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். பெயர் ரெஹானா. தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஊர் எது என்றேன். பாரிசால் என்றாள்.

நான் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். காவலாளி கதவைத் திறந்து பிடித்தார். இத்தனை வருஷமாக இருந்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு. கதவு திறந்தபடியே இருந்தது, வெளியே வெயிலில் கண் கூசியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அங்கே ஹாரூன் என்று ஒருவர்... தெரியுமா?"

"ஹாரூன் என்ற பெயரில் எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், அங்கிள்" என்று சிரித்தாள்.

"இவர் போர்க் காலத்தில் தண்ணீருக்குள் போனவர்."

பெரியவர் நிமிர்ந்தார். பஞ்சில்லாத கண்ணால் என்னைப் பார்த்து வங்காளியில் வேகமாக ஏதோ சொன்னார். நீங்கள் யார் என்று அப்பா கேட்கிறார் என்றாள் ரெஹானா. "கரையில் நின்றவன்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த ஆட்களில் உயிரோடு இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம். ஊருக்குப் போனதும் விசாரித்துச் சொல்வதாக என் நம்பரை வாங்கிக்கொண்டாள். "அவரிடம் என்ன சொல்ல வேண்டும், அங்கிள்?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்."

அடிக்காத போன்

ஒரு மாசம் ஓடிற்று. போனைக் கையிலேயே வைத்திருந்தேன், குளிக்கப் போகும்போதும் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்தேன். அடிக்கவில்லை. அவன் இல்லை போலிருக்கிறது, அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை என்று தீர்மானித்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பருப்பில் தாளிக்கப் போய், தலைக்குத் தடவுகிறது அது என்று கடைசி நிமிஷத்தில் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதீப் வந்தான். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டான்.

"அரே, என்னப்பா இது? வெளிநாட்டு நம்பர்லருந்து பதினோரு மிஸ்டு கால்!"

"அடிக்கவே இல்லையேடா."

"அடிக்காது. தெரியாத நம்பர் வந்தா சைலன்ட்ல போற மாதிரி நான்தான் செட் பண்ணி வச்சேன். போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டுறானுங்கப்பா. நீங்க வேற எதுக்கெடுத்தாலும் நடுங்குவீங்க. நல்லவேளை எடுக்கல. பிளாக் பண்ணிடுறேன்."

"பண்ணாத!" நான் போட்ட சத்தத்தில் அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். அவனிடம் நான் குரல் உயர்த்தி வருஷங்கள் ஆகின்றன.

"யாருப்பா அது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்தில் வைத்திருந்தான், பேத்தியை நீச்சல் வகுப்பிலிருந்து கூப்பிட வேண்டும். "ஆஸ்பத்திரில பழக்கமானவங்க" என்று பாதியைச் சொன்னேன்.

மத்ராஜி ஆராய்

நேற்று மத்தியானம் கூப்பிட்டேன். ரெஹானா எடுத்ததுமே, "அங்கிள், எங்கே போனீர்கள்!" என்று கத்தினாள். பின்னால் பாத்திரச் சத்தம், குழந்தைகளின் சத்தம். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னாள். அப்புறம் வீடியோவில் அவளே கூப்பிட்டாள், வேறொரு வீட்டிலிருந்து.

திரையில் இன்னொரு பெண் வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். "இது ஷிரின், ஹாரூன் சாச்சாவின் மகள்" என்றாள் ரெஹானா.

மகள். மகள் இருக்கிறாள் என்றால் அவன் திரும்பி வந்திருக்கிறான். கல்யாணம் பண்ணியிருக்கிறான்.

"இருக்கிறாரா?"

ரெஹானா போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். ஒரு படம். வெள்ளைத் தாடி, சிரிப்பு. அந்த உயர்ந்த புருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். மூன்று வருஷம் முன்னால், பனிக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

ஷிரின் சொல்லச் சொல்ல ரெஹானா ஹிந்தியில் சொன்னாள். அன்று ராத்திரி ஹாரூன் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நம்பித்தான் நீந்தியிருக்கிறான். பாதி வழியில் ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டு மூச்சு வாங்கியிருக்கிறான். கப்பல் வெடித்தபோது இடது காது போய்விட்டது. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் காது கேட்கவில்லை.

"என்னால்" என்றேன். "நான்தான் சொன்னேன். தமிழில் அரை என்றால் பாதி. அது தெரியாமல்..."

ரெஹானா மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, ஷிரினிடம் ஏதோ சொன்னாள். ஷிரின் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிற்று, சிரித்தாள், அப்புறம் அழுதாள், மறுபடி சிரித்தாள். உள்ளே திரும்பி யாரையோ கத்திக் கூப்பிட்டாள். திரையில் நாலைந்து தலைகள் முட்டிக்கொண்டு வந்தன.

"அங்கிள், இந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டாம்" என்றாள் ரெஹானா. "சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எது வந்தாலும் மத்ராஜி ஆராய் என்பார்களாம். விருந்தாளி சீக்கிரம் வந்தால், மத்ராஜி ஆராய். சோறு சீக்கிரம் வெந்தால், மத்ராஜி ஆராய். இதோ இந்தப் பையன் ஒரு மாசம் முன்னாலேயே பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சாச்சா சொன்ன முதல் வார்த்தையே அதுதானாம். அந்த மத்ராஜி ஏன் அப்படிச் சொன்னான் என்று மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லையாம். அவனைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பேன், அப்புறம்தான் அடிப்பேன் என்பாராம்."

"கோபமாக இருந்தாரா?"

ஷிரின் இல்லையென்று தலையை ஆட்டினாள். வீட்டில் சத்தம் அதிகமானால் நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்துக்கொள்வாராம். மத்ராஜி கொடுத்த தூக்கம் என்பாராம்.

நாலைந்து தலைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வங்காளியே இரண்டு சொல்தான். "அரை கொண்டா" என்றேன். அந்த வீடே சிரித்தது.

போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பிரிட்ஜின் முனகல் மட்டும். நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு காது போனதற்கு நான்தான் பொறுப்பு, அது நிச்சயமாகிவிட்டது. உயிர் போகவில்லை, அதுவும் நிச்சயம். மூன்று வருஷம் முன்னால் கேட்டிருந்தால் அவனிடமே அடி வாங்கியிருக்கலாம். இத்தனை வருஷமாகத் தினமும் ஒருமுறையாவது அவனை நினைக்காமல் நான் படுத்ததில்லை. ரெஜினா போன பிறகு என்னோடு இந்த வீட்டில் இருந்தது அவன்தான் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பிரதீப்பைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கப்பா. உடம்பு நல்லாருக்குல்ல?"

"ஹவ்டா. உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் பழைய விஷயம். நேரம் எடுக்கும்."

"மீட்டிங்ல இருக்கேன்பா. அரை மணியில கூப்பிடட்டுமா?"

"எந்த அரை?" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் கேஸை மூடினேனா என்று எழுந்து எழுந்து போவேன் என்பதால், இந்த வாரத்துக் கட்டுரையை எடுத்துக்கொண்டேன். வெங்காயத்திலிருந்து தொடங்கினேன்.

இதோ, இந்த வரியை எழுதும்போது பிரதீப் சொல்லி இரண்டேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது.